எவ்வளவு அடித்தாலும் ஸ்டெடி

நண்பர்கள் சேர்ந்து குடிக்கும் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் தனி மரியாதை கிடைக்கும். ஒருவர் வாந்தியெடுத்து, இன்னொருவர் அழுது, மூன்றாமவர் மேசையில் தலையைச் சாய்த்த பிறகும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பில்லைச் சரிபார்ப்பார். “மாமா எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடி” என்று மற்றவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கடைசியில் பைக் சாவியும் அவர் கைக்குத்தான் போகும்.

இந்த அத்தியாயம் அந்த மரியாதையைப் பற்றியது. குடித்தும் போதை தெரியாமல் இருப்பது உடல் வலுவின் அடையாளம் என்று நம் ஊரில் அநேகமாக எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு மருத்துவருக்கு அது வேறு சேதி சொல்கிறது. இவருடைய மூளை மதுவுக்குப் பழகிவிட்டது, பழகிப்போகும் அளவுக்கு இவர் குடித்திருக்கிறார் என்பதே அந்தச் சேதி. மருத்துவத்தில் இதைத் தாங்குதிறன் என்கிறார்கள். அது எப்படி வளர்கிறது, எந்த இடத்தில் ஏமாற்றுகிறது, எப்போது கைவிடுகிறது என்று தெரிந்திருந்தால் குடிப்பவரும் வீட்டில் இருப்பவர்களும் பல ஆபத்துகளை முன்பே கண்டுகொள்ளலாம்.

முதலில் கணக்கு

எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாமல் எதிர்வினையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உலக சுகாதார நிறுவனம் 10 கிராம் தூய ஆல்கஹாலை ஓர் அளவு என்று வைத்துக்கொள்கிறது. டாஸ்மாக் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றின் வீரியம் பொதுவாக 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மி.லி. அதில் 77 மி.லி. தூய ஆல்கஹால் இருக்கிறது. எடையில் சுமார் 60 கிராம். ஆக, “ஒரு குவார்ட்டர்தான் அடிச்சேன்” என்பவர் ஆறு அளவு குடித்திருக்கிறார். 650 மி.லி. பீர் 5 சதவீதமாக இருந்தால் அதில் சுமார் 25 கிராம் ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் பீராக இருந்தால் 41 கிராம். பீர்தானே என்று இரண்டு ஸ்ட்ராங் பாட்டில்களை முடிப்பவர் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடுகிறார்.

உள்ளே போனது எவ்வளவு வேகத்தில் வெளியேறும்? ரத்தத்தில் மதுவின் அளவு மணிக்குச் சுமார் 15 மி.கி. வீதம் (100 மி.லி. ரத்தத்தில்) குறையும். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் எரிக் விட்மார்க் 1930களில் வகுத்த கணக்கு முறையை இன்றும் தடயவியல் துறையில் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி ஒரு ஹாஃப், அதாவது 360 மி.லி. குடித்தால், மறுநாள் காலை ஏழு மணிக்கும் அவர் ரத்தத்தில் 100 மி.கி. அளவுக்கு மது மிச்சமிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அனுமதிப்பது 30 மி.கி. மட்டும். அவர் குளித்து, காபி குடித்து, தெளிவாகத்தான் இருக்கிறார். ஆனால் வேலைக்குக் கிளம்பும் வழியில் போலீஸ்காரர் நீட்டும் கருவியில் ஊதினால் மாட்டிக்கொள்வார். குளியலும் காபியும் மோரும் எலுமிச்சையும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

தினமும் குடிப்பவருக்கு வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மை. வழக்கமான நொதிகளோடு ஈரலில் இன்னொரு நொதி அமைப்பும் மதுவை எரிக்கிறது என்று 1968இல் அமெரிக்காவில் சார்லஸ் லீபரும் லியோனோர் டிகார்லியும் காட்டினார்கள். தொடர்ந்து குடிப்பவரிடம் இந்த அமைப்பு பெருகுகிறது. ரத்தத்தில் மது மணிக்கு 20, 25 மி.கி. வரைகூட இறங்கலாம். மேலே சொன்ன மனிதருக்கு 20 வீதம் குறைந்தாலும் காலையில் 50 மி.கி. மிஞ்சும். ஸ்டெடிக்கான காரணத்தை ஈரலில் தேடுவது அரைப் பதில்தான்.

தொடர்ந்து குடிப்பவரிடம் பெருகும் அந்த ஈரல் நொதி பாரசிட்டமால் மாத்திரையை ஈரலுக்கு நச்சான பொருளாகவும் மாற்றுகிறது. தினமும் குடிப்பவர்கள் மறுநாள் தலைவலிக்கு அந்த மாத்திரையை வாரி விழுங்குவது மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிக ஆபத்தானது.

மூளை செய்துகொள்ளும் ஏற்பாடு

மதுவின் முக்கியமான வேலை மூளையில் நடக்கிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. அதனால்தான் பேச்சு குழறுகிறது, கால் பின்னுகிறது, தூக்கம் வருகிறது. நாள்தோறும் இது நடந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. அமைதிப்படுத்தும் பக்கத்தைத் தளர்த்தி, கிளர்ச்சியூட்டும் பக்கத்தை இறுக்கிக்கொள்கிறது. பிறகு ஒரு குவார்ட்டர் உள்ளே போனாலும் நடை தடுமாறாது. முன்பு கிடைத்த போதைக்கு இப்போது ஒன்றரை, இரண்டு குவார்ட்டர் வேண்டும். ஸ்டெடி என்பது இதுதான்.

இந்தப் பழக்கத்தின் ஒரு குறுகிய வடிவம் ஒரே இரவுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் எட்வர்ட் மெலன்பி 1919இல் நாய்களிடம் இதைக் கவனித்தார். மது ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது தெரியும் தள்ளாட்டம், அதே அளவு இறங்கிவரும்போது குறைவாக இருந்தது. மனிதர்களிடமும் இப்படித்தான். ஒன்பது மணிக்கு “ஏறிடுச்சு” என்று உட்கார்ந்தவர் பதினொரு மணிக்கு “இறங்கிடுச்சு, கிளம்பலாம்” என்று எழுவார். ரத்தத்தில் அளவு ஏறக்குறைய அதேதான். மாறியது அவருடைய உணர்வு. வண்டியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நேரம் பெரும்பாலும் இந்தப் பொய்த் தெளிவுக்குள்தான் வந்து விழுகிறது.

பழகியவர் உண்மையிலேயே எவ்வளவு தாங்குகிறார்? சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா கிங்கின் குழு 2004 முதல் குடிப்பவர்களை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பின்தொடர்ந்து வருகிறது. 2023இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில், மிதமான அளவு குடித்தபோது பழகியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தடுமாறினார்கள். அதுவரை ஊர்ப்பேச்சு சரிதான். ஆனால் அவர்கள் வழக்கமாகக் குடிக்கும் பெரிய அளவைக் கொடுத்தபோது தடுமாற்றம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. மூன்று மணி நேரம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தாங்குதிறன் சிறிய அளவுக்குத்தான் காவல். அதை நம்பி அவர்கள் குடிப்பதோ பெரிய அளவு.

அதே குழுவின் பத்தாண்டுத் தொடர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. குடிநோய்க்கு உள்ளானவர்களுக்கு மது தரும் உற்சாகமும் இன்பமும் ஆண்டுகள் போகப்போக மங்கவில்லை. தூக்கமும் அசதியும் குறைவாக, உற்சாகம் மட்டும் அப்படியே இருந்தால், ஒரு மனிதரை நிறுத்தச் சொல்ல உடலில் எந்த மணியும் அடிக்காது.

பிறவியிலேயே இப்படி அமைந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆய்வாளர் மார்க் ஷக்கிட் இருபது வயதுக்காரர்களுக்கு மது கொடுத்து எதிர்வினையை அளந்தார். பத்தாண்டு கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தார். முடிவு 1994இல் வெளியானது. குடிநோயாளிகளின் மகன்களில், இருபது வயதில் மது அதிகம் ஏறாதவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். கொஞ்சத்திலேயே போதை ஏறியவர்களில் அது 14 சதவீதம். கல்லூரி விடுதியில் முதல் தடவை குடித்துவிட்டு “எனக்கு ஒண்ணுமே ஆகலடா” என்று சொல்லும் பையனுக்குத் தோழர்கள் கைதட்டுகிறார்கள். அப்பாவோ தாத்தாவோ குடியால் வீழ்ந்த வீடாக இருந்தால், அதிகம் கவலைப்பட வேண்டியது அவனைப் பற்றித்தான்.

இடம், கோப்பை, எதிர்பார்ப்பு

மூளை பழகுவது மதுவுக்கு மட்டுமில்லை; மது வரும் சூழலுக்கும் சேர்த்துத்தான். 1979இல் கனடாவில் ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஒரே அறையில் திரும்பத் திரும்ப மதுவை ஊசிவழி செலுத்தினார்கள். மது உடல் சூட்டைக் குறைக்கும். நாளடைவில் அந்தக் குறைவு மறைந்தது. அதே எலிகளை வேறு அறைக்குக் கொண்டுபோய் அதே அளவைக் கொடுத்தபோது பழகிய தாங்குதிறனைக் காணோம். அறையைப் பார்த்ததுமே உடல் முன்னேற்பாடு செய்துகொண்டிருந்தது. புது அறையில் அந்த ஏற்பாடு நடக்கவில்லை. 1997இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இதை மனிதர்களிடம் சோதித்தார்கள். பீரில் இருக்கும் அளவு ஆல்கஹாலையே நீல நிறத்தில், புதினா வாசத்தோடு பழக்கமில்லாத பானமாகக் கொடுத்தபோது குடித்தவர்கள் அதிகம் தடுமாறினார்கள்.

வழக்கமாக ஒரே பாரில், ஒரே பிராண்டை, ஒரே கூட்டாளிகளோடு குடிப்பவர் வெளியூர்க் கல்யாணத்திலோ சுற்றுலா விடுதியிலோ அதே அளவைக் குடித்துவிட்டு மட்டையாவதற்கு இது ஒரு காரணம். “சரக்கு சரியில்லை” என்று அவர் கடைக்காரரைத் திட்டுவார். நீச்சல் குளமும் அருவியும் மலைப்பாதையும் இருக்கும் இடங்களில்தான் இந்தப் புது ஊர்க் குடி பெரும்பாலும் நடக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

திறமையும் அப்படியே. குடித்த நிலையில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர், அந்த வேலையில் மட்டும் தேறிவிடுகிறார். ஒயின் ஷாப்பிலிருந்து வீட்டுக்குப் போகும் அந்த இரண்டு கிலோமீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். பழகாத ஒன்று குறுக்கே வந்தால், அது ஒரு மாடாகவோ டியூஷன் முடிந்து வரும் சைக்கிள் பிள்ளையாகவோ இருந்தால், பழகிய பாதைக்கான தேர்ச்சி அங்கே உதவாது.

மனத்தில் இருக்கும் எதிர்பார்ப்பின் பங்கு இன்னும் வியப்பானது. 1973இல் ஆய்வாளர் ஆலன் மார்லட்டும் அவர் குழுவினரும் ருசி பார்க்கும் சோதனை என்று சொல்லிச் சிலருக்கு வோட்காவும் டானிக்கும், சிலருக்கு வெறும் டானிக்கும் கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் பாதிப் பேருக்கு உண்மையை மாற்றிச் சொன்னார்கள். குடிநோயாளிகளும் அதில் இருந்தார்கள். உள்ளே மது இருந்ததா என்பதைவிட, மது இருப்பதாக நம்பினார்களா என்பதே அவர்கள் எவ்வளவு குடித்தார்கள் என்பதைத் தீர்மானித்தது.

மானுடவியலாளர் டுவைட் ஹீத் 1950களில் கிழக்கு பொலிவியாவின் கம்பா மக்களோடு வாழ்ந்தார். கிட்டத்தட்ட 90 சதவீத வீரியமுள்ள சாராயத்தை அவர்கள் தண்ணீர் கலக்காமல், திருவிழா நாட்களில் மணிக்கணக்காகக் குடித்தார்கள். மயங்கி விழுந்தார்கள், எழுந்து மறுபடி குடித்தார்கள். சண்டையோ வசையோ பாலியல் அத்துமீறலோ அங்கே அவர் பார்க்கவில்லை. பல சமூகங்களிலிருந்து இத்தகைய சான்றுகளைத் திரட்டி கிரெய்க் மெக்ஆண்ட்ரூவும் ராபர்ட் எட்ஜர்டனும் 1969இல் ஒரு நூலே எழுதினார்கள். நாக்கு குழறுவது மதுவின் வேலை. குடித்தவர் எப்படி நடந்துகொள்வார் என்பதில் ஊர் எதை மன்னிக்கும் என்பதற்கும் பெரிய பங்கு உண்டு என்றார்கள்.

மது நிதானத்தைக் குறைக்கிறது, அடிதடிக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்றுகள் நிறைய. ஆனால் வழியில் போலீஸ்காரரைக் கண்டால் “சார்” என்று ஒதுங்கி நின்றவர், முதலாளியிடம் போனில் பணிவாகப் பேசியவர், வீட்டுக்கு வந்ததும் மனைவியை அடிக்கிறார் என்றால், யாரை அடிக்கலாம் என்ற கணக்கு அவர் மூளையில் அழியாமல்தான் இருக்கிறது. “போதையில தெரியாம பண்ணிட்டாரு” என்ற சமாதானத்தை மாமியாரோ பஞ்சாயத்தோ சொன்னால் அந்தப் பெண் அதை ஏற்க வேண்டியதில்லை.

கைவிடும் நேரங்கள்

சபரிமலைக்கு மாலை போடுபவர்களில் குடிப்பழக்கம் உள்ளவர்களும் உண்டு. ஒரு மண்டலம் ஒரு சொட்டும் தொடமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு பாராட்டத்தக்கது. அத்தனை நாளில் மூளையும் ஈரலும் பழைய நிலையை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கும். சிக்கல் மாலையைக் கழற்றிய அன்று வருகிறது. கார்த்திகைக்கு முன்பு குடித்த அதே அளவை அன்றும் ஊற்றிக்கொள்கிறார்கள். உடலில் அந்தத் தாங்குதிறன் இப்போது இல்லை. மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வருபவருக்கும் இதே ஆபத்துதான். இடைவிடாமல் குடிப்பவருக்கு ஆபத்து வேறு விதம். பழகப் பழகப் போதைக்குத் தேவைப்படும் அளவு ஏறிக்கொண்டே போகிறது. மூச்சை நிறுத்தும் அளவு அதே வேகத்தில் ஏறுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கியிருக்கும்போது தூக்க மாத்திரையும் சேர்ந்தால் உயிர் போகலாம்.

எதிர்ப்பக்கமாகவும் ஒரு மாற்றம் நடக்கும். “முன்னெல்லாம் ஒரு ஃபுல் அடிப்பாரு, இப்ப ஒரு கட்டிங்குலயே சாஞ்சிடுறாரு” என்று வீட்டில் நிம்மதியோடு சொல்வார்கள், குடி குறைந்துவிட்டது என்று. இருபது ஆண்டு குடித்தவருக்கு இப்படி நேர்ந்தால் அது ஈரல் கெட்டுப்போனதன் அறிகுறியாக இருக்கலாம். அதே வாரத்தில் மருத்துவரிடம் அழைத்துப் போவது நல்லது.

எல்லாவற்றிலும் கடுமையானது திடீர் நிறுத்தம். மது ஒருபக்கம் இழுக்க மூளை மறுபக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஓர் அணி சட்டென்று கயிற்றை விட்டால் மற்ற அணி மல்லாந்து விழுவதைப் போல, மது நின்றதும் மூளையின் கிளர்ச்சி கட்டுக்கடங்காமல் போகிறது. கடைசிக் குடிக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இடம், காலம் குழம்பி, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ அடிக்க வருவதாகவும் தோன்றும். இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது.

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கால் மதுக்கடைகள் மூடப்பட்டபோது இது நாடு முழுக்க வெட்டவெளிச்சமானது. கேரளத்தில் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வர, மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று மாநில அரசு ஆணையிட்டது. மருத்துவர்கள் அதை எதிர்த்தார்கள். ஏப்ரல் 2 அன்று உயர்நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. அரசின் தவிப்பும் புரிகிறது, மருத்துவர்களின் மறுப்பும் நியாயமானது. இதற்குச் சரியான மருந்துகள் மருத்துவமனையில் இருக்கின்றன.

ஊரடங்கு இல்லாமலே இது நடக்கும் இடம் எலும்பு முறிவு வார்டு. விபத்தில் கால் உடைந்து சேர்ந்தவர் முதல் நாள் நன்றாகப் பேசுவார். மூன்றாம் இரவு கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்ப்பார். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று உறவினர்கள் பயப்படுவார்கள். சேர்க்கும்போதே “தினமும் குடிப்பார்” என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பும் இதை மறைக்கக் கூடாது. பழகியவருக்கு மயக்க மருந்தின் அளவே மாறும். அன்றைக்குக் குடித்துவிட்டு வந்திருந்தால் வேறு விதமாக மாறும்.

என்ன செய்யலாம்

ஸ்டெடியாக இருக்கிறோமா என்று கேட்பதை விட்டுவிட்டு, எவ்வளவு என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், மி.லி. கணக்கு என்று எழுதினாலே பலருக்கு உண்மை தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் பட்டியல் மருத்துவர்களிடம் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனம் தேவை. தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர், அதை ஆறு அளவு என்று சரியாகக் கணக்கிட்டால், முதல் மூன்று கேள்விகளிலேயே 10 எடுத்துவிடுவார். அவர் ஒரு நாளும் தள்ளாடியிருக்க மாட்டார்.

குறைக்க விரும்புபவர் வெறும் வயிற்றில் குடிப்பதையும், ராவாக அடிப்பதையும், பத்து மணிக்குக் கடை மூடும் முன் அவசரமாக ஊற்றிக்கொள்வதையும் முதலில் விட வேண்டும். மது வேகமாக ஏறும்போதுதான் நடந்தது எதுவும் நினைவில் பதியாத நிலை வருகிறது. முழுதாகப் பேசி, நடந்து, வண்டியும் ஓட்டியவருக்கு மறுநாள் அந்த இரண்டு மணி நேரம் காணாமல் போயிருக்கும். பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைவு. அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் அதிகம் ஏறும்.

காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்ற கட்டத்தில் இருப்பவருக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. அவர் வீட்டில் தானாக, சட்டென்று நிறுத்தக் கூடாது. மாலை போடுவதாக இருந்தாலும், குலதெய்வத்தின் முன் சத்தியம் செய்வதாக இருந்தாலும், முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்ற இடங்களில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறார்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. சிகிச்சையின் முதல் சில நாட்களில் நடுக்கத்தைப் படிப்படியாக அடக்கும் மருந்தும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 வைட்டமின் ஊசியும் தருவார்கள். அந்த வைட்டமின் பற்றாக்குறை நினைவாற்றலை நிரந்தரமாக அழித்துவிடக்கூடும்.

வீட்டிலேயே வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்பைத் திணிக்கவோ வாயில் எதையும் ஊற்றவோ வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்ததும், கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதை, அக்கம்பக்கத்தார் நின்றுகொண்டிருந்தாலும் கூசாமல் சொல்ல வேண்டும்.